வயலுக்குப் பத்தியம் பார்த்தவர்

என் மூத்தார் பேரைச் சொல்ல மாட்டேன். கணவரின் அண்ணன் பேரைச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பேர் இருக்கட்டும், அவர் முன்னால் நிற்பதே வழக்கமில்லை. மோகனூருக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் இருந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன நாளிலிருந்து அவர் கண்ணை மூடிய நாள் வரைக்கும் அவரும் நானும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தது என்னவோ ஒரே வீட்டில்தான். அவருடைய சம்சாரம் நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார்கள். மாமியாரும் இல்லை. அதனால் அவருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டது நான்தான்.

பேசாமல் எப்படிக் குடித்தனம் நடக்கும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் எருமை இருந்தது. எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அவர் தொழுவத்தில் நின்றுகொண்டு எருமையிடம் சொல்வார்.

"ஏன் எரும, இன்னைக்கு மோரு புளிச்சுப் போச்சாட்ட இருக்குது?"

நான் உள்ளேயிருந்து அடுப்பிடம் பதில் சொல்வேன்.

"வெயிலு இந்தப் போடு போட்டா மோரு புளிக்காம என்ன பண்ணும்? அதயும் நாந்தான் புடிச்சு வெக்கோணுமாக்கும்."

எருமை பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டுச் சங்கதி அதற்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் யாருக்கும் தெரியாது.

மூத்தார் நல்ல சாப்பாட்டுக்காரர். ஆளும் அதற்குத் தகுந்த ஆள்தான், நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். களி உருண்டையைப் பெரிதாகப் பிடித்து வட்டலில் வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிவிட்டு நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அப்புறம்தான் அவர் வந்து உட்காருவார். இன்னும் வேண்டுமென்றால் வட்டலை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், நான் கதவிடுக்கு வழியே சட்டியை நகர்த்திவிடுவேன். அவர் எழுந்து போனதும் நான் வந்து பார்த்தால் வட்டல் விளக்கி வைத்ததுபோல் இருக்கும். கடைசியில் அதில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவார். ஒரு பருக்கை சாக்கடைக்குப் போகக்கூடாது அவருக்கு.

இதெல்லாம் சரி, குடியானவர் வீட்டுப் பழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்கு அடுத்தது என்ன செய்வார் தெரியுமா? சாப்பிட்ட கையோடு வயலுக்குப் போவார். வரப்பில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்து, "இன்னைக்குச் சித்த அதிகமாப் போச்சு சாமி, மன்னிச்சுக்க" என்பார்.

அவருக்கு எல்லோரும் சாமிதான். கன்றுக்குட்டி சாமி, என் பிள்ளைகள் சாமி, மண்ணும் சாமி. ஆனால் மன்னிப்புக் கேட்பது மண்ணிடம் மட்டும்தான். களி அதிகமாகத் தின்றால் மன்னிப்பு. கரும்பு கடித்தால் மன்னிப்பு. தீபாவளிக்கு நாலு பணியாரம் கூடப் போனால் அன்றைக்கு வரப்பை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். கல்யாணமான புதிதில் இதை முதல்தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, உங்க அண்ணனுக்கு ஏதாச்சுமுங்களா? பொண்ணுக் குடுக்கறப்ப எங்க ஐயன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே?"

"அது அப்படித்தான் புள்ள. போய் வேலையப் பாரு" என்றார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்கவேண்டுமென்றால் மேழி பிடித்து உழவேண்டும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் ஒருநாள் வாசலில் நின்று, மூத்தாரை நேராகவே கேட்டார். "மண்ணுகிட்ட எதுக்குங்க மன்னிப்பு? நாம பாடுபடறோம், அது குடுக்குது."

மூத்தார் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கறவ மாடு பால் குடுத்தா புண்ணாக்கு வெக்கறமுங்க, தவுடு வெக்கறமுங்க. இதுக்கு என்னத்த வெச்சோம்? ஏரால கீறறோம். மம்முட்டியால வெட்டறோம். அது குடுக்கறதயெல்லாம் வழிச்சு அள்ளிக்கிட்டு வந்து ஊட்டுல உக்காந்து திங்கறோம். எனக்கு வேற வயிறு பெருசுங்க. தின்னாமயும் இருக்க முடியறதில்ல. வெக்கமா இருக்குது."

மேட்டாங்காட்டில் கடலைக்காய் பிடுங்கும்போது அவர் பண்ணுகிற அலம்பலைப் பார்க்கவேண்டும். வரிசையாகக் குனிந்து செடி பிடுங்குகிற பெண்களிடம், "மெதுவா சாமி, மெதுவா, தலமுடியப் புடிச்சு இழுக்கறாப்பல இழுக்காதீங்க" என்று பின்னாலேயே போவார். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கோபமே வராத மனுஷன்.

கோபம் எனக்குத்தான் வந்தது, என் தங்கை கல்யாணத்தில். திருச்செங்கோட்டுப் பக்கம் என் பிறந்த ஊர். பந்தல் போட்டு, ஊரையே அழைத்து, விருந்து நடக்கிறது. பந்தி முடிந்து எழுந்ததும் இலைகளை எடுத்துக் கொல்லையில் வீசினார்கள். பாதி இலைகளில் சோறு அப்படியே கிடந்தது. மூத்தார் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடை ஒன்றை எடுத்துப்போய், இலை இலையாக வழித்துப் போட ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். என் பெரியம்மா என் இடுப்பில் இடித்தாள்.

"ஏன்டி, உங்க ஊட்டுல அவ்வளவு பஞ்சமா? சொல்லியிருந்தா நாங்களே ரெண்டு மூட்டை அனுப்பியிருப்பமே."

என் தம்பி போய், "மாமா, இதென்னங்க இது, ஆளுக பார்த்துக்குவாங்க, உடுங்க" என்று கெஞ்சினான். அவர் கூடையை விடவில்லை. "எங்கிருந்து வந்துச்சோ அங்க போகட்டும் மாப்ள. திங்காம வீசறதுக்கா அது அத்தன பாடுபட்டுச்சு?" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் முன்னால் மூத்தார், நடுவில் என் வீட்டுக்காரர், பின்னால் நானும் என் பட்டுச்சேலையும் அந்தச் சோற்றுக் கூடையும். வழி முழுக்க ஈ மொய்த்தது. நான் ஊர் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்ததும் அடுப்பிடம் சொன்னேன் பாருங்கள், எருமையே திரும்பிப் பார்த்தது. மூத்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் பின்னால் கத்தரி நட்டார். காய்த்தது காய்த்தது, அப்படிக் காய்த்தது. என் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கூடை நிறையக் கட்டிக்கொண்டு போனாள். அப்போது மட்டும் பஞ்சத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

எங்களுக்கு வாய்க்கால் பாசனத்தில் மூன்று வயல்கள். அவற்றில் ஒன்று வருஷா வருஷம் முறைவைத்துப் படுக்கும். நாங்கள் அப்படித்தான் சொல்வோம், படுக்கும் என்று. அந்த வருஷம் முழுக்க அதில் ஏர் இறங்காது, நடவு கிடையாது. மூத்தார் ஆட்டுக்காரர்களை வரவழைத்து அதில் எருவுக்காகப் பட்டி போடுவார். கொளுஞ்சித் தழை கொண்டுவந்து பரப்புவார். ஏரி வண்டல் அடிப்பார். பிள்ளைகள் குறுக்கே ஓடினால், "பெத்தவ படுத்திருக்கறா, சத்தம் போடாதீங்க சாமி" என்பார்.

பேச்சுக்காகச் சொன்னது இல்லை அது. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, மூத்தார் நாமக்கல் சந்தைக்குப் போய் எனக்குச் சுக்கும் கருப்பட்டியும் பூண்டும் வாங்கிக்கொண்டு, வரும் வழியில் அதே வண்டியில் வயலுக்கு ஆட்டுப் புழுக்கையும் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் பத்தியம். "மாசம் கழியற வரைக்கும் அந்தப் புள்ளய அடுப்புப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லு எரும" என்று சொல்லிவிட்டு அவரே களி கிண்டினார். கட்டி கட்டியாக இருக்கும். நான் தின்றேன். எந்த வீட்டில் மூத்தார் களி கிண்டிப் போடுகிறார், சொல்லுங்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சண்டை வந்தது. வெள்ளைக்காரன் எங்கேயோ சண்டை போட்டான், எங்களுக்கு இங்கே பர்மா அரிசி நின்றுபோனது. கடைகளில் அரிசி இல்லை. ஊரில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள். அந்த வருஷம் பார்த்து வாய்க்கா வயலின் முறை. மூன்றிலும் உசத்தியான வயல் அதுதான். மற்ற இரண்டும் சேர்ந்து விளைவதை அது ஒன்றே விளையும். அது படுக்கவேண்டிய வருஷம்.

நான் அடுப்பிடம் சத்தமாகவே சொன்னேன். "ஊரே வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கிட்டுக் கெடக்குது. இந்த வருசம் போயி வயலப் படுக்கப் போட்டா நல்லாவா இருக்குது?"

மூத்தார் எருமையிடம், "ரெண்டு வருசமா பெத்துக் குடுத்திருக்கறா. ஒடம்பு தேறவேண்டாமா? சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார்.

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. எருமைக்குத்தான் அந்த வாரம் முழுக்கத் தலைவலி. இன்றைக்குக் கேட்டாலும் நான் சொன்னது சரிதான் என்பேன்.

ஆனால் அவரை அசைத்தது நான் இல்லை. எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிற காளியம்மா. ஒருநாள் காலையில் வந்து வாசலில் நின்றாள். அவள் மூத்தாரிடம் நேராகப் பேசலாம், அவளுக்குத் தடை இல்லை.

"பண்ணாடி, வாய்க்கா வயலு படுத்துருச்சுங்களாமா?"

"ஆமா காளியம்மா. அதோட மொற."

"அது படுத்தா எங்களுக்கு நடவில்லீங்க, அறுப்பில்லீங்க. கூலி நெல்லு எங்கீங்க வரும்? மண்ணு சொன்னாப் படுத்துக்குமுங்க சாமி. எங்க வயிறு சொன்னாப் படுக்குமுங்களா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. சும்மா கேட்டாள். முகம் வற்றிப்போயிருந்தது. நான் அவளுக்கு ஒரு சட்டி கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தேன், அவள் நின்றபடியே குடித்தாள். மூத்தார் அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் நான் வைத்த களி அப்படியே இருந்தது. அவர் உட்காரவே வரவில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அப்படி ஒரு நாள் அதுதான் முதல்.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஏரோடு வாய்க்கா வயலுக்குப் போனார். அங்கே நடந்தது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். மூத்தார் மாட்டைப் பூட்டாமல் முதலில் வயல் நடுவில் போய்க் குந்தியிருக்கிறார். மண்ணில் கையை வைத்து, தூங்குகிறவளை எழுப்புவதுபோல் மெல்லத் தட்டியிருக்கிறார்.

"எந்திரிச்சுக்க சாமி. ஊர்ல பசி. படுத்துக்கன்னு சொன்ன வாயாலயே எழுப்பறேன், என்னமோ பண்ணு. இதுல வெளையறது பசிச்சவியளுக்கு. நான் ஒரு பருக்க தொடமாட்டேன். உன்ற ஒடம்பக் கெடுத்து என்ற வயித்த வளத்தமாட்டேன்."

அப்புறம்தான் மேழியைப் பிடித்தாராம்.

வயல் விளைந்தது. அந்த வருஷம் அதில் மட்டும் சிவப்பு நெல் போட்டிருந்தார்கள். தை மாதம் அறுத்தபோது காளியம்மாவும் அவள் தெருக்காரர்களும் கூலி நெல்லைக் கட்டிக்கொண்டு போனார்கள். கூலிக்கு மேலேயும் மூத்தார் அளந்து கொடுத்தார். வாய்க்கா வயல் நெல்லை மட்டும் வீட்டில் தனி மூலையில் கொட்டச் சொன்னார். கேட்டு வருகிறவர்களுக்கு அதிலிருந்துதான் அள்ளுவார். நான் என்ன நினைத்தேன்? நல்ல நெல், அதனால் தனியாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? என்னிடம்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

சொன்னாராம். எருமையிடம் சொன்னாராம். "மூலையில கெடக்கற செவப்பு நெல்லு எனக்கு வேண்டாம், மத்த வயலு நெல்லுல ஆக்கினாப் போதும்" என்று. அவர் சொன்ன நேரத்தில் நான் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தேன். உலக்கைச் சத்தத்தில் எனக்கு எங்கே கேட்கும்?

ஆக, புதுநெல் சோறு ஆக்குகிற நாள் வந்தது. வீட்டுக்காரர் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு முதல் நாளே சூரமங்கலம் ரயிலடிக்குப் போயிருந்தார். நான் அந்த மூலையிலிருந்து நல்ல நெல்லாக அள்ளி, குத்திப் புடைத்து, மூத்தாருக்குப் பிடிக்குமே என்று அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, இறக்கும்போது ஒரு கரண்டி எருமை நெய். வாசனை வாசலுக்குப் போனது. வட்டலில் குவித்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனேன்.

மூத்தார் வந்து உட்கார்ந்தார். கதவிடுக்கில் பார்த்தேன். முகம் அப்படியே மலர்ந்தது. கையைக் கொண்டுபோனார். பாதியில் நின்றுவிட்டது. ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு. வட்டலின் ஓரத்தில் அதைத் திரும்ப வைத்தார். சும்மா உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பல்லி ஏதாவது விழுந்துவிட்டதா? உப்பை மறந்துவிட்டேனா? கேட்கவும் முடியாது, போய் நிற்கவும் முடியாது. அந்த நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் வண்டி வந்து நின்றது. வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

"ஏனுங்க, உங்க அண்ணன் சோத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறாரு."

"எந்த நெல்லுல ஆக்கின?"

"மூலையில கெடந்த செவப்பு நெல்லுல."

தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கதவுக்குப் பின்னால்தான், கிசுகிசுப்பாக, வயலில் நடந்ததை எல்லாம் எனக்குச் சொன்னார். "எருமகிட்ட அண்ணன் சொன்னாரே, உனக்குக் கேக்கலியா?"

"கம்பு குத்தற சத்தத்துல எனக்கு எப்படீங்க கேக்கும்? எரும வந்து எங்கிட்டச் சொல்லுமாக்கும்? வாயுள்ள மனுசன் நீங்க ஒருத்தர் இருந்து என்னத்துக்கு?"

திட்டிவிட்டு மறுபடி கதவிடுக்கில் பார்த்தேன். அந்த மனுஷன் நிலைமையைப் பாருங்கள். தின்றால் மண்ணுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. தின்னாமல் எழுந்தால் மண் கொடுத்த சோறு வீணாய்ப் போச்சு. இரண்டில் எதைச் செய்தாலும் அவர் தாங்கமாட்டார். ஒருநாள் களியைத் தொடாமல் இருந்தவர், இதற்கு எத்தனை நாள் பட்டினி கிடப்பாரோ என்றுதான் எனக்குப் பயம்.

"போயி வட்டல எடுத்துக்கிட்டு வாங்க. நான் காளியம்மாவுக்குக் குடுத்துடறேன். களி இருக்குது, கொண்டுபோய் வைங்க" என்றேன்.

வீட்டுக்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார். நின்றுவிட்டார். மூத்தார் முதல் கவளத்தை வாயில் போட்டிருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாகத் தின்கிறதுபோலத் தின்றார். வட்டல் காலியானது. அவ்வளவுதான், எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். விரலால் வட்டலை ஒரு தட்டுத் தட்டினார். நானும் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சட்டியோடு எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினேன். அதையும் தின்றார். தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக வாய்க்கா வயலுக்கு நடந்தார்.

மூத்தார் பின்னால் போவது தப்புத்தான். போனேன். வாய்க்கால் மேட்டில் வாழைக்கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் அறுத்த தாளடியில் குந்தி, கையை மண்ணில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"தின்னுட்டேன் சாமி" என்றார். "தொடமாட்டேன்னு சொன்னேன், தின்னுட்டேன். ரெண்டாவது ஒருக்கா கேட்டு வேற வாங்கித் தின்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நெம்ப நல்லாருந்துச்சு சாமி. அப்படி ஒரு ருசி. இத்தன வருசமா வயிறு முட்டத் தின்னுட்டு வந்து மன்னிச்சுக்க, மன்னிச்சுக்கன்னே சொல்லியிருக்கறேன். நல்லாருந்துச்சுன்னு ஒருக்காகூடச் சொன்னதில்லியே. ஆக்கிப் போட்டவளுக்கு அந்த ஒரு வார்த்ததான வேணும். அதச் சொல்ல எனக்கு இத்தன காலம் ஆச்சு பாரு. அடுத்த வருசம் பூரா நீ நல்லாப் படுத்துக்க."

எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் வயலிடம்தான் சொன்னார், எனக்குத் தெரியாதா? தெரிந்தால் என்ன, வந்துவிட்டது. அவர் திரும்புவதற்குள் வீட்டுக்கு ஓடினேன். ராத்திரிச் சோற்றுக்கு, மூலையில் கிடந்த நெல்லில் இன்னும் ஒரு முறம் அள்ளி உரலில் போட்டேன்.